செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: பழைய பிக்கப் டிரக்கில் கோளாறு தேடும் முறை

பழைய பிக்கப் வைத்திருப்பவர்களிடமிருந்து இரண்டு புகார்கள் மாறி மாறி வரும். எஞ்சின் ஓடுகிறது, ஆனால் மிஸ்ஸிங் அடிக்கிறது, மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது என்பது ஒன்று. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டுக்குமே பலர் செய்யும் வைத்தியம் ஒன்றுதான். முதலில் பிளக் மாற்றுவார்கள், அப்புறம் ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் காயில், அதற்கும் கேட்காவிட்டால் பியூயல் பம்ப். வண்டியின் விலையில் பாதியைப் பாகங்களுக்கே கொடுத்த பிறகு, ஒரு துருப்பிடித்த எர்த் வயர்தான் காரணம் என்று தெரியவரும்.

ஊகித்து மாற்றுவதை விட்டுவிட்டுச் சோதித்துப் பிடிப்பது எப்படி என்பதை இங்கே பார்க்கலாம். உதாரணத்துக்கு ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: 1987 முதல் 1996 வரை வந்த ஃபோர்டு எஃப்-150, அதிலும் 4.9 லிட்டர் எஞ்சின் கொண்டது. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சின் இது. 1965 மாடலில் அறிமுகமாகி, 1987-ல் கார்புரேட்டரைக் கைவிட்டு, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு மாறியது. அமெரிக்கப் பண்ணைகளில் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கிறது. கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல எஞ்சின் கிடைப்பது கஷ்டம். பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பக்கத்தில் கை போக இடம் இருக்கும். ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு. அதனால் பழைய முறை, புது முறை இரண்டும் ஒரே வண்டியில் பழகிவிடும்.

எஞ்சின் ஓட வேண்டியவை எவை என்பது பலருக்கும் தெரிந்ததுதான். பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் சிலிண்டருக்குள் வர வேண்டும், பிஸ்டன் அதை நன்றாக அழுத்த வேண்டும், சரியான நொடியில் ஸ்பார்க் விழ வேண்டும். இது தெரிந்தும் ஏன் தேடல் குழம்புகிறது என்றால், இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: போனது ஒரு சிலிண்டருக்கு மட்டும் வேலை செய்யும் பாகமா, ஆறுக்கும் பொதுவான பாகமா?

ஸ்பார்க் பிளக், பிளக் வயர், இன்ஜெக்டர், வால்வு ஆகியவை ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி. இவற்றில் ஒன்று போனால் ஒரு சிலிண்டர்தான் செத்துப்போகும். மற்ற ஐந்தும் எஞ்சினை ஓட்டிக்கொண்டு போகும். ஆறு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் தோளை எடுத்துவிட்ட மாதிரி ஆடும், ஆனால் நகரும். அதுதான் மிஸ்ஸிங். காயில், இக்னிஷன் மாட்யூல், பியூயல் பம்ப், கம்ப்யூட்டர், மெயின் ரிலே எல்லாம் பொதுச் சொத்து. இவற்றில் ஒன்று முழுதாகப் போனால் ஆறும் ஒரே நேரத்தில் நின்றுவிடும், வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஆகவே ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு ஒரு பிளக்கையோ ஒரு இன்ஜெக்டரையோ சந்தேகப்படுவது வீண். ஒரே சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகும் வண்டிக்குப் பியூயல் பம்ப் மாற்றுவதும் வீண்.

இடைப்பட்ட நிலையும் உண்டு. இந்த 4.9-ல் பெரும்பாலானவற்றில் இன்ஜெக்டர்கள் மூன்று மூன்றாக இரண்டு குழுவாகத்தான் இயங்கும். ஒரு குழுவின் வயர் அறுந்தால் சரியாக மூன்று சிலிண்டர் போய்விடும். பொதுப் பாகம் முழுதாகச் சாகாமல் பலவீனமாக இருந்தாலும் குழப்பம்தான். நோஞ்சான் காயில் நிதானமாக ஓடும்போது ஒப்பேற்றிவிடும், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கைவிட்டுவிடும். மிஸ்ஸிங் இன்று ஒரு சிலிண்டர், நாளை வேறொன்று என்று அலைந்தால் பொதுப் பாகத்தின் பக்கம் திரும்ப வேண்டும்.

சரி, முதலில் ஸ்டார்ட் ஆகாத வண்டி.

செல்ஃப் சுற்றுகிறதா இல்லையா என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். சுற்றவே இல்லை, அல்லது "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது என்றால் எஞ்சினைத் தொடவே வேண்டாம், அது பேட்டரிப் பக்கத்து விவகாரம். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி சந்தேகத்துக்குரியது. பேட்டரி முனையில் 12 வோல்ட் நிற்கிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் கேபிள், எர்த், ஃபெண்டரின் உட்பக்கம் இருக்கும் செல்ஃப் ரிலே, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்ச், இவ்வளவுதான். ஒரு மல்டிமீட்டர் போதும்.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்றால்தான் சுவாரஸ்யம்.

ஸ்பார்க்கிலிருந்து தொடங்குங்கள். பெட்ரோலைச் சோதிப்பதைவிட இது சுலபம், செலவும் குறைவு. கடையில் ஸ்பார்க் டெஸ்டர் மலிவாகக் கிடைக்கும். ஒரு பிளக் வயரைக் கழற்றி டெஸ்டரில் செருகி, டெஸ்டரின் கிளிப்பை எஞ்சினின் இரும்பில் மாட்டி, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, சத்தத்தோடு பாய வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் அதை நல்ல ஸ்பார்க் என்று கணக்கில் வைக்காதீர்கள். வயரைக் கையில் பிடித்துப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். பல்லாயிரம் வோல்ட் அது. உங்கள் கையை மட்டுமல்ல, வெளியேற வழியில்லாமல் காயிலையும் மாட்யூலையும் பழுதாக்கும்.

ஸ்பார்க் இல்லை என்றால், அது எங்கிருந்து வர வேண்டும் என்ற பாதை தெரிந்திருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே ஒரு சென்சார் இருக்கிறது, பெயர் பி.ஐ.பி. எஞ்சின் சுற்றும்போது "இப்போது பிஸ்டன் இங்கே இருக்கிறது" என்ற சிக்னலை அதுதான் தருகிறது. அந்த சிக்னல் இரண்டு இடத்துக்குப் போகிறது: டி.எஃப்.ஐ. என்ற இக்னிஷன் மாட்யூலுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று. மாட்யூல் காயிலுக்குப் போகும் கரண்டைச் சட்டென்று துண்டித்து ஸ்பார்க் உண்டாக்குகிறது. கம்ப்யூட்டர் அதே சிக்னலை நம்பித்தான் இன்ஜெக்டரைத் திறக்கிறது, பியூயல் பம்ப்பையும் தொடர்ந்து ஓடவிடுகிறது.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்ஜெக்டர் பிளக்கில் செருகும் சின்ன விளக்கு ஒன்று உண்டு, நாய்டு லைட் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். செல்ஃப் அடிக்கும்போது அது மினுக்குகிறதா என்று பாருங்கள். ஸ்பார்க் இல்லை, விளக்கும் மினுக்கவில்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு: பி.ஐ.பி. சென்சார், அல்லது கம்ப்யூட்டருக்கே கரண்ட் கொடுக்கும் ரிலே. ஸ்பார்க் இல்லை, ஆனால் விளக்கு மினுக்குகிறது என்றால் சென்சார் உயிரோடு இருக்கிறது. மாட்யூல், காயில், அவற்றின் வயர்களில் தேடினால் போதும். டாஷ்போர்டில் ஆர்.பி.எம். மீட்டர் இருக்கும் வண்டியில் இன்னொரு துப்பும் கிடைக்கும். செல்ஃப் அடிக்கும்போது முள் லேசாகத் துள்ளினால், மாட்யூல் காயிலை இயக்கிக்கொண்டுதான் இருக்கிறது என்று அர்த்தம்.

டி.எஃப்.ஐ. மாட்யூலைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வண்டிகளின் முந்திய மாடல்களில் அதை டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பிலேயே திருகி வைத்தார்கள். எஞ்சினின் சூடு நேராக அதில் ஏறும். எலக்ட்ரானிக் பாகத்தை அடுப்பின் மேல் உட்கார வைத்தது யாருடைய யோசனையோ தெரியாது, நல்ல யோசனை இல்லை. விளைவு ஒரு தனி அறிகுறி: காலையில் ஜோராக ஸ்டார்ட் ஆகும், எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும், கொஞ்ச நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காதது போலத் திரும்ப ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது ஆறியிருக்கும், அவர் கோளாறே இல்லை என்பார். அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. 2000-ல் கலிஃபோர்னியா நீதிபதி ஒருவர் இந்த மாட்யூலுக்காக வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று ஃபோர்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார், பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்தது. பிந்திய மாடல்களில் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

இந்த அறிகுறி இருந்தால், வண்டி அணைந்த இடத்திலேயே, சூடாக இருக்கும்போதே சோதியுங்கள். ஈரத்துணியால் மாட்யூலை மட்டும் குளிர வைத்துப் பார்ப்பது பழைய உபாயம், வேலை செய்யும். ஒரு எச்சரிக்கை: பி.ஐ.பி. சென்சாரும் அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள்தான் இருக்கிறது, அதுவும் சூட்டில் இதே நாடகத்தை ஆடும். எது குற்றவாளி என்பதை நாய்டு லைட்தான் சொல்லும்.

ஸ்பார்க் நன்றாக இருக்கிறது என்றால் பெட்ரோல். சாவியை ஆன் செய்ததும் பின்னால் டேங்கிலிருந்து ஓரிரு நொடி "ஸ்ஸ்" என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்ப் வாங்க ஓடாதீர்கள். முன் பயணி கால் வைக்கும் இடத்தில், முன் தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு சுவிட்ச் இருக்கிறது. விபத்து நடந்தால் பம்ப்புக்குப் போகும் கரண்டை நிறுத்துவது அதன் வேலை. காலால் பலமாக இடித்தாலோ வண்டி பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ சில நேரம் தானாக விழுந்துவிடும். மேலே இருக்கும் பட்டனை அமுக்கினால் கதை முடிந்தது. அதற்கப்புறம் ஃப்யூஸ், ரிலே, கடைசியில் பம்ப்.

இந்த வண்டிகளில் பலவற்றுக்கு இரண்டு டேங்க், ஒவ்வொன்றிலும் தனிப் பம்ப். கோளாறு தேடுகிறவருக்கு இது வரம். டாஷ்போர்டில் டேங்க் மாற்றும் பட்டனைத் தட்டிப் பாருங்கள். மற்ற டேங்கில் ஸ்டார்ட் ஆனால், முதல் டேங்கின் பம்ப்தான் போயிருக்கிறது (அல்லது அதில் பெட்ரோல் இல்லை, மீட்டர் முள்ளை நம்பாதீர்கள்). இரண்டிலும் ஆகவில்லை என்றால் இரண்டு பம்ப்பும் ஒரே நாளில் சாக வாய்ப்புக் குறைவு. ரிலே, வயரிங் பக்கம் போங்கள்.

பம்ப் சத்தம் கேட்பதால் மட்டும் அழுத்தம் வருகிறது என்று சொல்ல முடியாது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயில் டயர் வால்வு போன்ற ஒரு சின்ன வால்வு இருக்கும். அங்கே பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும். 4.9-க்கு 45 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை வேண்டும். அதே காலத்து வி8 எஞ்சின்களுக்கு 30 முதல் 45 இருந்தால் போதும். வி8-க்கான எண்ணைப் படித்துவிட்டு 40 வருகிறது, நன்றாக இருக்கிறது என்று இந்த எஞ்சினில் திருப்திப்பட்டால் ஏமாந்துபோவீர்கள். கேஜைக் கழற்றும்போது பெட்ரோல் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சூடான எஞ்சினில் செய்யாதீர்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

பெட்ரோல் அதிகமாகிப் பிளக்குகள் நனைந்துபோவதும் உண்டு. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டர்களை மூடிவிடும், காற்று மட்டும் போய் உள்ளே உலரும். அப்படிச் செய்யும்போது எஞ்சின் முனகிக்கொண்டு பிடிக்கப் பார்த்தால், பெட்ரோல் பற்றாக்குறை இல்லை, மிகுதிதான் பிரச்சினை. பியூயல் பிரஷர் ரெகுலேட்டரின் வாக்யூம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் உள்தோல் கிழிந்திருக்கிறது. எஞ்சினின் சூட்டைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கூலன்ட் சென்சார் பொய் சொன்னாலும் இப்படி ஆகும்.

ஸ்பார்க் இல்லை, இன்ஜெக்டர் இயங்கவில்லை, செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, இலகுவாகச் சுற்றுகிறது என்றால் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்து, உள்ளே ரோட்டர் என்ற சுழலும் துண்டு சுற்றுகிறதா என்று பாருங்கள். இந்த எஞ்சினில் டைமிங் செயினோ பெல்ட்டோ கிடையாது, நேரடியாகப் பல்சக்கரம். அதனால்தான் இது இவ்வளவு காலம் உழைக்கிறது என்று புகழ்வார்கள். ஆனால் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டின் பல்சக்கரம் பெரும்பாலான பிக்கப்களில் இரும்பு இல்லை, ஃபைபர். வயதாகிப் பல் உதிர்ந்தால் கேம்ஷாஃப்ட் நிற்கும், அதிலிருந்து சுற்றும் டிஸ்ட்ரிபியூட்டரும் நிற்கும். ரோட்டர் அசையவில்லை என்றால் எலக்ட்ரிக் சோதனைகளை எல்லாம் நிறுத்திவிட்டு முன்மூடியைத் திறக்கத் தயாராகுங்கள்.

இப்போது மிஸ்ஸிங். இங்கே முதல் வேலை எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, லேசர் தெர்மோமீட்டரால் ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வாயிலின் சூட்டையும் பாருங்கள். ஐந்து வேகமாகச் சூடேறும்போது ஒன்று மட்டும் பின்தங்கினால் அதுதான் ஆள். ஓடும்போது பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சிலிண்டர் தெரிந்ததும் அதன் பிளக்கைக் கழற்றி, பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கோடு ஒப்பிடுங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் ஸ்பார்க் இல்லை. காய்ந்து வெளுத்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, அல்லது அந்த இடத்தில் காற்று கசிகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. பிளக் முனைகளின் இடைவெளி சுமார் 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த சோதனை: அந்தப் பிளக்கையும் வயரையும் வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் பாகம் பிடிபட்டது. காசு செலவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ரோட்டரையும் பார்க்காமல் விடாதீர்கள். உள்ளே பென்சிலால் கோடு போட்டது போல மெல்லிய கரிக்கோடு இருந்தால் அது விரிசல், கரண்ட் அதன் வழியாக ஓடிப்போகிறது. மழை நாளில் மட்டும் மிஸ்ஸிங், வெயில் வந்ததும் சரியாகிவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் இங்கேயும் பிளக் வயர்களிலும்தான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் எஞ்சினின் வயர்கள் மேல் பூத்தூவலாகத் தண்ணீர் அடித்தால் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். கையைத் தள்ளியே வைத்திருங்கள்.

வயர்களை மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். ஆறையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டுப் பிறகு எது எங்கே என்று விழிப்பவர்கள்தான் அதிகம். 4.9-ல் சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போகும் வரிசை 1-5-3-6-2-4, ரோட்டர் கடிகார முள் திசையில் சுற்றும். வி8-க்கு வேறு கணக்கு. 5.0 லிட்டரின் பழைய வரிசையும் 5.8-ன் வரிசையும் ஒன்றல்ல என்பதால் நண்பர் சொன்னதை நம்பி மாட்டாதீர்கள்.

ஸ்பார்க், பெட்ரோல் இரண்டும் வந்தும் அதே சிலிண்டர் செத்தே கிடந்தால் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்துவிட்டு அளக்க வேண்டும். மிகக் குறைந்த சிலிண்டர், மிக உயர்ந்ததன் 75 சதவீதத்துக்காவது வர வேண்டும். குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டை நினையுங்கள்.

மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியை, ஓடுகிறதே என்று மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் வழியாகப் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் எரியும். அது பழுக்கக் காய்ந்து உருகி அடைத்துக்கொண்டால் மூச்சு விட முடியாத எஞ்சின் இழுக்கவும் இழுக்காது.

கம்ப்யூட்டர் தரும் கோளாறு எண்களை ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை என்று கேட்கலாம். 1995 வரையிலான இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்றைய ஸ்கேனர் பொருந்தாது. பானட்டுக்குள் இருக்கும் சோதனைப் பிளக்கில் இரண்டு முனையை ஒரு வயரால் இணைத்து சாவியை ஆன் செய்தால் செக் எஞ்சின் விளக்கு மினுக்கி எண் சொல்லும். 11 என்றால் குறையில்லை, 14 என்றால் பி.ஐ.பி. சிக்னல் தடுமாறியிருக்கிறது. 1990-களில் மூன்று இலக்கம் வந்து அவை 111, 211 ஆயின. எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று சொல்லும் திறமை இந்தக் கம்ப்யூட்டருக்குக் கிடையாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

மாட்யூல்தான் போயிருக்கிறது என்று முடிவானால் வாங்கும் முன் பழையதன் நிறத்தைப் பாருங்கள். சாம்பல், கறுப்பு என்று இரண்டு வகை உண்டு, ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. கழற்ற 5.5 மில்லிமீட்டர் மெல்லிய சாக்கெட் தேவைப்படும். புதியதன் முதுகில் சூடு கடத்தும் சிலிக்கான் கிரீஸைத் தடவாமல் மாட்டினால் அதுவும் சீக்கிரம் கருகும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றியிருந்தால் டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரத்தை) 10 டிகிரியில் வைக்க வேண்டும். அதற்கு முன் ஸ்பவுட் என்ற சின்னப் பிளக்கைப் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் குறுக்கே வந்து தன் கணக்கைப் போடும். வேலை முடிந்ததும் அதைத் திரும்பச் செருகுங்கள். மறந்தால் வண்டி ஓடும், ஆனால் இழுவை இருக்காது, மைலேஜும் விழும், புதிய மாட்யூலை வீணாகச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவீர்கள்.